கன்றுக்குரிய பால்

(மகாவீர் ஜெயந்தியையொட்டிக் கடலூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நான் பேச வந்தது சாப்பாட்டைப் பற்றி, குறிப்பாகப் பாலைப் பற்றி. ஜைனர் கூட்டத்தில் பாலைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் சிலருக்கு மனம் சங்கடப்படும் என்று தெரியும். நம் வீடுகளில் விடிந்ததும் முதலில் அடுப்பேறுவது பால்தான். சங்கடப்பட்டாலும் பொறுமையாகக் கேளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் கூடியிருக்கும் நகரத்துக்குள் அடங்கியிருக்கிறது திருப்பாதிரிப்புலியூர். பழைய பெயர் பாடலிபுரம். தென்னாட்டு ஜைனத்துக்கு ஒருகாலத்தில் அது பெரிய கல்விச்சாலை. கி.பி. 458-இல், காஞ்சியை ஆண்ட சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், சர்வநந்தி முனிவர் பாடலிகையில் இருந்து ‘லோகவிபாகம்’ என்ற நூலைப் பிராகிருதத்தில் எழுதினார். அந்தப் பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது அறிஞர்கள் கொள்கை. மூல நூல் கிடைக்கவில்லை. சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கம் கிடைத்திருக்கிறது. பூஜ்ஜியத்தோடு இடமதிப்பு வைத்து எண்களை எழுதிய மிகப் பழைய நூல்களில் ஒன்றாகக் கணித வரலாற்று ஆசிரியர்கள் அதைப் போற்றுகிறார்கள். கடலூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதே பாடலிபுரத்துப் பள்ளியில் பிற்பாடு தருமசேனர் என்ற பெயரோடு தலைமை ஏற்றவர் மருள்நீக்கியார். சூலை நோய் வந்து, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் போய், திருநாவுக்கரசராக மாறியவர். பல்லவ மன்னன் பாடலிபுரத்துப் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக்கொண்டு திருவதிகையில் குணபரேச்சுரம் எடுத்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. பழைய பகையைக் கிளற இதை நான் எடுக்கவில்லை. திருநாவுக்கரசர் தமிழர் எல்லோருக்கும் சொந்தம். அவர் பாட்டைக் கேட்டு உருகாத ஜைனக் குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. பள்ளி போயிற்று, கல் போயிற்று, அரச ஆதரவு போயிற்று. சமையற்கட்டு போகவில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் கிராமங்களில் தமிழ் ஜைனர்களாகிய நயினார் வீடுகளில் இன்றும் பொழுது சாயும் முன் இரவுச் சாப்பாடு முடிகிறது. தண்ணீர் துணியில் வடிகட்டப்படுகிறது. கிழங்கு வகை உள்ளே வருவதில்லை. தேனும் வருவதில்லை.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு இது எப்படித் தாங்கியது? இன்றைய பேச்சுக்கு அடிப்படையான கேள்வி இது.

தாயனூர், வேலூர், செஞ்சிப் பக்கத்தில் நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் ஒரு செய்தி உண்டு. மயிலை சீனி. வேங்கடசாமியும் ‘சமணமும் தமிழும்’ நூலில் அதைப் பதிந்திருக்கிறார். 1478-ஐ ஒட்டிச் செஞ்சியில் இருந்த நாயக்கத் தலைவன் ஒருவன் ஜைனர்மேல் சினங்கொண்டு கண்ட இடத்தில் கொல்லச் செய்தான். பலர் நீறு பூசிப் பிழைத்தார்கள். பலர் ஊரைவிட்டே போனார்கள். அப்போது திண்டிவனத்துக்கு அருகிலுள்ள வேலூரில் ஒருவர் குளக்கரையில் உட்கார்ந்து தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு செய்கையை வைத்தே சேவகர்கள் அவரை ஜைனர் என்று கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைவனுக்கு அன்றைக்குப் பிள்ளை பிறந்த மகிழ்ச்சி, கொல்லாமல் விட்டுவிட்டான். தப்பியவர் சிரவணபெளகொளா போய்ப் படித்துத் துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார். இன்னொரு பக்கம், தாயனூர் காங்கேய உடையார் என்பவர் தப்பி ஓடி உடையார்பாளையம் ஜமீனில் அடைக்கலம் புகுந்தார். கலகம் ஓய்ந்த பிறகு அவர் திரும்பி வந்து, வீரசேனரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், நீறு பூசிக்கொண்டவர்களை மறுபடி பூணூலும் விரதமும் ஏற்கச் செய்தார்.

இந்தச் செய்தியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தும் அந்த மனிதர் தண்ணீரை வடிகட்டினார். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களுக்காக. தனியாகச் செய்ததால் மாட்டிக்கொண்டார். மீண்டும் அந்த ஒழுக்கம் நிலைத்தது எப்போது? அடைக்கலம் கொடுக்க ஒரு ஜமீன் முன்வந்தபோது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட ஒருவர் இருந்தபோது. அந்த ஜமீன் ஜைன ஜமீன்கூட இல்லை. விரதத்தை எடுப்பது ஒருவர்தான். அதைத் தலைமுறை தாண்டிக் காப்பது சுற்றம். பிறமதத்து அண்டைவீட்டாரும் அந்தச் சுற்றத்தில் சேர்த்தி.

இப்போது பாலுக்கு வருகிறேன்.

நம் ஆகமங்கள் இம்சையைக் கணக்கிடும்போது கையால் செய்ததை மட்டும் கணக்கில் வைப்பதில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று மூன்றையும் வைக்கின்றன. மனத்தால், சொல்லால், உடலால் என்று அதை மூன்றால் பெருக்குகின்றன. கசாப்புக் கடைக்காரர் வெட்டியதற்கு வாங்கித் தின்றவர் பொறுப்பில்லை என்று ஒரு ஜைனர் வாதாட முடியாது. ‘நீலகேசி’யில் பௌத்தரை எதிர்த்து நம் ஆசிரியர் எடுத்த பெரிய வாதமே அதுதான்: நான் கொல்லவில்லை, கிடைத்ததைத்தான் உண்கிறேன் என்று ஊனுக்குச் சமாதானம் சொல்ல முடியாது. 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அந்த நூலைப் பதிப்பித்தார். நம் வீடுகளில் அது அலமாரியில் இருக்கிறது. அந்த வாதத்தைப் பால் செம்பின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்?

தென்னாற்காட்டுக் கிராமத்தில் மாடு வைத்திருக்கும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாடு கன்று போட்டால்தான் பால். அதனால் சினை ஊசி போட்டு வருஷத்துக்கு ஒரு கன்று என்று பார்க்கிறார்கள். கிடேரிக் கன்று பிறந்தால் வீட்டில் சந்தோஷம். நாளைக்குக் கறவைமாடு ஆகும். காளங்கன்று பிறந்தால்? முன்பெல்லாம் ஏருக்கும் வண்டிக்கும் கவலை இறைக்கவும் எருது வேண்டியிருந்தது. இப்போது டிராக்டரும் மோட்டாரும் வந்துவிட்டன. ஜெர்சிக் கலப்புக் கன்றுக்குத் திமிலும் கிடையாது, நுகத்தடி நிற்காது. அதற்குப் போடும் தீனியும் நட்டம், அது குடிக்கும் பாலும் நட்டம். சில மாதங்களில் சந்தைக்குப் போகிறது. வற்றிப்போன கிழட்டுப் பசுவும் அதே வழியில் போகிறது. அடிமாடு என்ற சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இது ஏதோ ஒரு வியாபாரியின் கொடுமை என்று நினைக்க வேண்டாம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் மாட்டினம் மொத்தம் சுமார் 19 கோடியே 25 லட்சம். அதில் பெண் இனம் மட்டும் 14 கோடியே 51 லட்சம். ஆண் இனம் நாலே முக்கால் கோடிகூட இல்லை. பிறப்பில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சரிபாதி. மீதி ஆண்கள் எங்கே? 1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கியது. 1998 முதல் உலகில் மிக அதிகமாகப் பால் கறக்கும் நாடு நாம்தான். 2022-23-இல் 23 கோடி டன். அந்தப் பெருமையின் மறுபக்கம்தான் இந்தக் காணாமல் போன கணக்கு. பசுவுக்கு இருக்கும் பாதுகாப்புப் பேச்சுகூட எருமைக்குக் கிடையாது. எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று இந்தியா. அந்த எருமைகளில் பெரும்பாலானவை நம் டீயில் விழுந்த பாலுக்காக வளர்க்கப்பட்டவை, அல்லது அவற்றின் ஆண் கன்றுகள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளும் பால்மாட்டோடு தொடர்பில்லாதவை அல்ல. அந்த ஊர்களுக்குப் பக்கத்தில்தான் நம் ஜினாலயங்கள் இருக்கின்றன.

ஆக, பாலை வாங்கும் நாம் ‘செய்வித்தல்’ கணக்கில் இருக்கிறோமா இல்லையா? இருக்கிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு யோசித்தும் இதிலிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை.

இந்த மண்ணுக்குக் கன்றைப் பற்றிச் சொல்லித்தர வெளியூர் ஆசிரியர் வேண்டாம். திருவாரூர்த் தெருவில் தேர்க்காலில் சிக்கிச் செத்த கன்றுக்காகத் தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதும் பெரியபுராணத்தில் வருகிறது. அந்தப் புராணம் அரங்கேறியது சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில். ‘சீவகசிந்தாமணி’ என்ற ஜைனக் காவியத்தில் சோழன் ஈடுபட்டிருந்ததைப் பார்த்துத்தான் சேக்கிழார் இதைப் பாடினார் என்பது சைவ மரபுச் செய்தி. அதே கதையை உரைநடையில் ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்று 1854-இல் எழுதியவர் வள்ளலார். 1823-இல் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தவர். ஒரு பசுவின் துக்கத்தை அரசனின் துக்கத்துக்குச் சமமாக நிறுத்திப் பார்த்த ஊர்கள் இவை. கன்றை அவிழ்த்து மடியில் ஒரு வாய் விட்டு, பால் சுரந்ததும் இழுத்துக் கட்டுகிறோமே, அந்த நேரத்தில் பசு திரும்பிப் பார்க்கும். அதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு மனுநீதிச் சோழன் கதை வெறும் பாடமாக இருக்க முடியாது. கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்திக் கறந்ததையும் நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். தாய்ப்பாசத்தை ஏமாற்றிப் பெற்ற பால் அது.

இனி, உலகத்தில் இது எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பாலும் முட்டையும் தேனும் வேண்டாம் என்று முடிவுசெய்த சில சைவ உணவுக்காரர்கள் 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் தலைமையில் வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். தமிழில் இப்போது நனிசைவம் என்கிறார்கள். ஜைனர்களுக்குள் இந்தக் கருத்தை எடுத்துச் சென்றவர்களில் சித்ரபானு முக்கியமானவர். 1922-இல் பிறந்து, துறவியாக நெடுநாள் இருந்து, 1970-இல் மேலைநாடு போய், அமெரிக்காவில் பல்லாயிரம் பேருக்கு அகிம்சையைக் கற்பித்து, 2019-இல் மறைந்தார். பால் வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசினார். அமெரிக்காவில் ஜைனக் கல்விப் பணி செய்த பிரவீண் ஷா 1995-இல் வெர்மாண்ட் மாநிலத்தில் ஒரு பால்பண்ணையைப் போய்ப் பார்த்தார். கன்று பிறந்த இரண்டு மூன்று நாளில் பிரிக்கப்படுவதையும் ஆண் கன்று இறைச்சிக்குப் போவதையும் அறிந்து, பாலை விட்டார். அதை எழுதவும் செய்தார். அந்தக் கட்டுரை வெளிநாட்டு ஜைனக் குடும்பங்களில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. லண்டனில் இளம் ஜைனர்கள் ஒன்றுகூடி, பாலை விட நினைப்பவர்களுக்குத் துணையாக ஒரு குழுவே நடத்தினார்கள்.

அது அமெரிக்கப் பண்ணை, நம் ஊரில் பசுவைக் கும்பிடுகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. கும்பிடுகிறோம், உண்மைதான். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம். ஆனால் மேலே சொன்ன கணக்கெடுப்பு அமெரிக்காவில் எடுத்ததில்லை.

பால் இல்லாமல் ஜைன வாழ்க்கை உண்டா என்று கேட்பவர்களுக்கு நம் மரபிலிருந்தே பதில் சொல்கிறேன். புறத்தவம் ஆறில் ஒன்று ரசபரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்ற ஆறு ரசங்களில் ஒன்றையோ பலவற்றையோ விடுவது. திகம்பரர்களாகிய நம் தமிழ் ஜைனப் பாட்டிமார்கள் இந்தக் கிழமைக்கு இந்த ரசம் இல்லை என்று வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கடலூரிலும் சிதம்பரத்திலும் கடை வைத்திருக்கும் ராஜஸ்தானத்து, குஜராத்து சுவேதாம்பரக் குடும்பங்களுக்கு ஆயம்பில் தெரியும். பங்குனி சித்திரையிலும் புரட்டாசி ஐப்பசியிலும் வரும் ஓளி விரதத்தில் ஒன்பது நாள், ஒரு வேளை மட்டும், பாலும் தயிரும் நெய்யும் எண்ணெயும் சர்க்கரையும் இல்லாமல் உண்பார்கள். அதைத் தனித்தனியே வீட்டில் செய்வதைவிடச் சேர்ந்து செய்வதே வழக்கம். ஆயம்பில் சாலை என்று வைத்து, விரதம் இருப்பவர் யார் வந்தாலும் அங்கே சமைத்துப் போடுகிறார்கள். தொழிலாளியும் முதலாளியும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். அபிஷேகத்திலும் அப்படியே. திகம்பரரில் தேராபந்த் பிரிவினர் பால் சேர்ந்த பஞ்சாமிர்தம் வேண்டாம், நீர் போதும் என்று பல நூறு ஆண்டுகளாகவே வழிபடுகிறார்கள். அவர்களின் பக்தியில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இதையெல்லாம் எதற்காகச் சொல்கிறேன்? பால் இல்லாத சமையலும் அதைத் தாங்கும் கூட்டமும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்பது நாளைக்கு இருக்கிறது. அதை நீட்டிக்க வேண்டும்.

சமையல் பேச்சு வந்ததால் தாய்மார்களிடம் கொஞ்சம் பேசவேண்டும். பண்ருட்டி முந்திரி உலகம் முழுக்கப் போகிறது. நம் அடுப்புக்கு வருவது பாயசத்தில் மிதக்க நாலு பருப்புதான். ஊறவைத்து அரைத்தால் முந்திரிப்பால் வடிகட்டக்கூட வேண்டாம், அப்படியே கிரேவிக்கும் பாயசத்துக்கும் ஆகும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது இந்த மாவட்டமே அழுதது. மறுபடி நட்டு நிமிர்ந்த மரங்கள் அவை. அவற்றை நாம்தான் வாங்க வேண்டும். தேங்காய்ப்பால் நம் பாட்டிமாருக்குப் பழகியதுதான்; ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் அது இருக்கும்போது பசும்பாலை யார் தேடினார்கள்? விருத்தாசலம் பக்கத்து மணிலாக்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சி, வெதுவெதுப்பில் பச்சைமிளகாய்க் காம்பு நாலைப் போட்டுவைத்தால் தயிராக உறைகிறது. முதல் தடவை சரியாக வராது. இரண்டாவது உறை முதல் தயிரிலிருந்தே எடுத்தால் நன்றாக வரும். மோர்க்குழம்புக்குத் தாராளமாகப் போதும். வெறும் சாதத்தில் பிசைந்து சாப்பிடப் பழக நாளாகும், ஒத்துக்கொள்கிறேன். மணிலா மண்ணுக்குள் விளைவதாயிற்றே என்று கேட்பீர்கள். அது கிழங்கில்லை, விதை. நம் வீடுகளில் எப்போதும் உண்டுவந்ததுதான்.

சத்து பற்றிய பயம் நியாயமானது. கால்சியத்துக்கு: நூறு கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம், நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350, தோல் நீக்காத எள்ளில் ஆயிரத்துக்கும் மேல். உடம்பு கிரகிக்கும் அளவு மாறும் என்றாலும் கேழ்வரகுக் கூழும் எள்ளுருண்டையும் கீரையும் உள்ள வீட்டில் கால்சியத்துக்கு வழி உண்டு. ஆனால் வைட்டமின் பி12 விஷயத்தில் சமாதானம் சொல்லக்கூடாது. அது செடிகொடியில் கிடைப்பதில்லை, நுண்ணுயிர் உண்டாக்குவது. பாலை விடுகிறவர் மாத்திரை எடுத்தே தீரவேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் டாக்டரைப் பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது. பால் குடிக்கும் நம் சைவ வீடுகளிலேயே பி12 குறைவு நிறையப் பேருக்கு இருக்கிறது. கை கால் மரத்துப்போவதும் மறதியும் வயதினால் என்று விட்டுவிடுகிறோம். வீகன் சொசைட்டி தொடங்கி நாலு ஆண்டு கழித்து, 1948-இல்தான் அந்த வைட்டமினையே பிரித்தெடுத்தார்கள். முதலில் பாலை விட்டவர்களில் சிலர் இதை அறியாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

கடினமான ஒரு விஷயத்தை இப்போது சொல்ல வேண்டும். மரக்கறி உணவு இந்த நாட்டில் பல இடங்களில் சாதிப் பெருமையாகிவிட்டது. ‘சைவர்களுக்கு மட்டும்’ என்று வீட்டு வாசலில் பலகை மாட்டி வாடகைக்கு வருகிறவரின் சாதியைத் தெரிந்துகொள்கிறார்கள். இந்தக் கடற்கரையில் தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரை மீன்பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2004 ஆழிப்பேரலையில் உற்றாரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பது இம்சை. மனத்தாலும் சொல்லாலும் செய்யும் இம்சையும் இம்சை என்று சொன்ன மதம் நம்முடையது. மகாவீர் ஜெயந்தியன்றும் வள்ளலார் நினைவுநாளன்றும் அரசு இறைச்சிக் கடைகளை மூடச் சொல்கிறது. அதனால் நமக்குப் பெருமை சேர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அன்றைய வருமானம் போனவரும் ஓர் உயிர்தானே. என் கேள்வி கொல்லாமையை விரதமாக எடுத்தவர்களின் வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு.

அதேபோல ஒற்றை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் விதவைத் தாயை நினைக்காமல் பாலைப் பற்றிப் பேசுவது தவறு. நாளைக்கே எல்லோரும் பாலை நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் அவர் அடுப்பு அணையும். ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவைச் சற்றே தாண்டும் தமிழ்நாட்டு ஜைனர், 2011 கணக்குப்படி 89,265 பேர், பாலை விட்டதால் பால் சந்தை சரியாது. ஆனால் நம்மால் முடிந்த ஒன்று இருக்கிறது. நம் நிலத்தில் குத்தகைக்கு இருப்பவர், நமக்குப் பால் ஊற்றுபவர், வற்றிய மாட்டையும் காளங்கன்றையும் விற்க வேண்டிய நிலையில் இருக்கும்போது தீனிச் செலவை நாம் ஏற்கலாம். 1906-இல் தொடங்கிய சென்னை பிஞ்சரபோல் அயனாவரத்தில் அந்தப் பணியைத்தான் செய்கிறது: கறவை நின்ற மாடு, ஊனமுற்ற மாடு, யாருக்கும் வேண்டாத மாடு சாகும்வரை அங்கே இருக்கலாம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே அதுபோன்ற சிறிய கொட்டகை ஒன்று வேண்டும். அபயதானம் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகாரம், அபயம், மருந்து, கல்வி என்ற நான்கு தானத்தில் ஆகாரத்தையும் கல்வியையும் நாம் செய்துவருகிறோம். அபயத்தைத்தான் மறந்துபோனோம்.

சேர்ந்து உண்பதற்கு இந்த மாவட்டத்திலேயே பெரிய முன்மாதிரி இருக்கிறது. வள்ளலார் ஜைனர் அல்லர். ஆனாலும் புலாலை மறுத்தவர், பசித்த உயிருக்குச் சோறிடுவதையே வழிபாடாக்கியவர். 1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அதற்கு ஊர்க்காரர்கள் எண்பது காணி நிலம் கொடுத்தார்கள். அன்று அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி மதம் கேட்காமல் சோறு போடுகிறார்கள். சத்தியத் தருமசாலை ஒரு தனிமனிதரின் கருணையில் பிறந்தது. நிலம் கொடுத்தவர்களும் அரிசி கொடுப்பவர்களும் விறகு உடைப்பவர்களும் இருப்பதால் அது நூற்றைம்பது ஆண்டு தாண்டி நிற்கிறது.

நம்மிடம் இப்போது என்ன நிலைமை? அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் பாலை விடலாம் என்று நினைக்கிறாள். மெஸ்ஸில் தயிர்சாதத்தை விட்டால் மீதி ஒன்றும் கிடையாது. அதிலும் வெங்காயம், கிழங்கு போடாததாக வேண்டும், பொழுது சாய்வதற்குள் வேண்டும். இரண்டு வாரம் தாங்குவாள். மூன்றாவது வாரம் பிஸ்கட்டும் வாழைப்பழமும். வீட்டுக்கு வந்தால் அம்மா உடம்பு இளைத்துவிட்டது என்று நெய்யை ஊற்றுவார். புது மருமகள் சொன்னாலோ, பிறந்தவீட்டில் கற்ற திமிர் என்று பெயர். கல்யாணத்தில் சமையல்காரரிடம் பால்கோவா வேண்டாம் என்றால் கஞ்சத்தனம் என்று நினைப்பார்கள். இவர்கள் எல்லோரும் மனவுறுதி இல்லாமல் விடவில்லை. கூடச் சாப்பிட ஆள் இல்லாமல் விட்டார்கள். வேலூர்க் குளக்கரையில் தனியாகத் தண்ணீர் வடிகட்டியவரின் நிலைதான் இவர்களுக்கும்.

சாப்பாட்டைத் தாண்டிப் பட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பட்டுப் புடவைக்கு ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்களை வெந்நீரில் போடுகிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு ஜினர் முன்னால் நிற்பது எப்படிப் பொருந்தும் என்று வயதான அத்தைகளே இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பருத்தி வேட்டியும் நூல் புடவையும் பூசைக்குப் போதும். இதில் நீண்ட வாதம் தேவையில்லை.

மறுபடி பந்திக்கு வருகிறேன். வரும் தசலட்சண நோன்புப் பருவத்தின் பத்து நாளும் பொதுச் சமையல் வைக்கலாம் என்று நானும் இங்கே சிலரும் பேசியிருக்கிறோம். பால், தயிர், நெய் இல்லை. பொழுது சாயும் முன் பந்தி முடியும். ஜைனர் மட்டுமே வரவேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது. சிதம்பரத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு எடுத்துப்போக ஒரு வண்டி வேண்டும். பண்ருட்டியிலிருந்து முந்திரி தருகிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பத்து நாள் முடிந்ததும் நிறுத்திவிடாமல், பௌர்ணமிதோறும் ஒருநாள் என்று தொடர எண்ணம். பி12 பரிசோதனைக்கு உதவுவதாக ஒரு டாக்டர் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். அறுபது வயது தாண்டியவர்கள், பால் குடிப்பவர்களும்கூட, பெயர் கொடுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலருகே மூன்று நோட்டுகள் இருக்கும். சமைக்கவும் பரிமாறவும் வருகிறவர்கள் ஒன்றில் எழுதுங்கள். விடுதியில் பிள்ளை படிக்கிறவர்கள் இரண்டாவதில். கறவை நின்ற மாடோ காளங்கன்றோ வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களைத் தெரிந்தால், அவர்கள் எந்தச் சமூகமானாலும் சரி, ஊர்ப் பெயரை மூன்றாவதில் எழுதுங்கள். நாங்கள் நேரில் போய்ப் பார்க்கிறோம்.